பழைய விமானத்தின் கால்கள்

யானைக்கவுனிச் சாலையிலே பாரவண்டியொன்று பள்ளத்தில் இறங்குங்கால் அதன் அச்சு அதிர்வதை நாம் கண்டிருக்கின்றோம். நிற்கும் பாரத்தினும் விழும் பாரம் கொடிது. ஆகாய விமானத்திற்கோ ஒவ்வோர் இறக்கமும் ஒரு சிறு வீழ்ச்சியேயாம். அவ்வதிர்ச்சியைத் தாங்குவன சக்கரங்களும், அவற்றை உடலோடு பிணைக்கும் கால்களுமே.

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியினின்றும் பம்பாய்க்கு 'பஸ் மாத்' என்னும் சிறு விமானத்தில் தபால் கொணர்ந்தார். நெவில் வின்சென்ட் அங்கிருந்து அதனைச் சென்னைக்குக் கொணர்ந்தார். அவ்விமானத்தின் காலை மூடிய உறை 90 பாகை திரும்பிக் காற்றை எதிர்த்து வேகத்தைத் தணிக்கும். தாங்குங் காலே தடையுமாயிற்று. ஐம்பதாண்டு கழித்து, 1982இல், தமது 78ஆம் வயதில், டாட்டா அவ்வழியே 'லெப்பர்ட் மாத்' என்னும் பழைய விமானத்தை ஓட்டினார். இத்தகைய விமானத்தின் கால்களைப் புதுக்குவது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, விமானத்தை முட்டுக்கொடுத்து உயர்த்தி, கழற்றுமுன் ஒவ்வோர் உறுப்பின் நிலையையும் அளந்து குறித்துக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது, எஃகுக் குழாய்களின் வர்ணத்தை நீக்கிச் சோதித்தல் வேண்டும். புறத்தே பளபளக்கும் குழாய் அகத்தே துருவால் மெலிந்திருத்தலுங் கூடும். பற்றவைத்த இடங்களிலே கண்ணுக்குப் புலனாகாத வெடிப்புகள் தோன்றும். எஃகைக் காந்தமாக்கி நுண்ணிய இரும்புத்தூளைத் தூவினால், தூள் வெடிப்பின் வழியே கோடாகத் திரண்டு அதனைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, அதிர்ச்சி தாங்கும் பொருளைக் கவனித்தல் வேண்டும். அக்காலத்து இலகு விமானங்கள் பலவற்றில் இது ரப்பராகவோ எஃகுச் சுருளாகவோ இருந்தது. ரப்பர் உழைப்பினால் மாத்திரமன்றிக் காலத்தினாலும் இறுகும். ஆதலின் வாளாவிருந்த ரப்பரையும் மாற்றுதலே முறை.

நான்காவது, இரு கால்களையும் நேர்பட அமைத்தல் வேண்டும். வாற்புறந் தாழ நிற்கும் இவ்விமானங்களில் பாரமையம் முற்சக்கரங்களுக்குப் பின்னே உளது. எனவே ஒரு சக்கரம் சிறிது கோணினும் விமானம் தரையிலேயே சுழன்றுவிடும்.

பழைய உறுப்புகளை இயன்றமட்டும் காப்பது புதுக்குவோர் கடமை. ஆயினும், வெடித்த காலைப் பழைமை கருதி மீண்டும் பொருத்துவது ஓட்டுபவர் உயிரைப் பணயம் வைப்பதாகும். அதனைக் காட்சிசாலைக்கு அனுப்பி, அதே அளவிற் புதிது செய்து, மாற்றிய செய்தியை ஏட்டிற் பதிதலே நேர்மை. பழைமையைப் போற்றுதல் வேறு, பழுதைப் போற்றுதல் வேறு என்பதனை நம் மாணவர் உளங்கொள்வாராக.