ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் தொடு பரப்புகள்

மாணவர்களே, இரு நிபந்தனைகள் ஒரே வேளையில் உண்மையாகும்போது எது நிறைவேறும்? செய்நிரலாக்க வினாக்களில் பலர் புள்ளி இழக்கும் இடம் இது. இதனைத் தொடுதிரை மூலம் விளங்கிக்கொள்வோம்.

கைபேசியில் ஒரு பொத்தானைத் தொட்டவுடன் அதன் நிறம் மாறுகின்றது. இது தொடுகைப் பின்னூட்டல் ஆகும். தொடுகையை எது ஏற்றது எனப் பயனருக்கு அறிவிப்பதே இதன் பணி.

உதாரணம்: குறுஞ்செய்திப் பட்டியலின் ஒரு நிரையினுள் 'நீக்கு' பொத்தான் உள்ளது.

நிரை: கிடை 0 – 320, நிலைக்குத்து 100 – 160
பொத்தான்: கிடை 266 – 314, நிலைக்குத்து 106 – 154

விரல் (290, 130) இல் படுகின்றது. இப்புள்ளி இரண்டினுள்ளும் அமைகின்றது.

தவறு 1: இரு நிபந்தனைகளையும் தனித்தனியே எழுதுதல். இரண்டும் நிறம் மாறும். செய்தியைத் திறக்கும் கட்டளையும் நீக்கும் கட்டளையும் சேர்ந்தே நிறைவேறும்.

தவறு 2: நிரையை முதலில் சோதித்து, 'இன்றேல்' பகுதியில் பொத்தானைச் சோதித்தல். பொத்தான் முழுவதும் நிரையினுள் இருப்பதால் அது ஒருபோதும் இயங்காது.

சரியான முறை:

விரல் பொத்தானினுள் எனின்
  பொத்தானின் நிறத்தை மாற்று
இன்றேல் விரல் நிரையினுள் எனின்
  நிரையின் நிறத்தை மாற்று
முடிவு

விதி: மேலே வரையப்பட்டதை முதலில் சோதிக்க. தொடுகையை ஏற்றது மட்டுமே நிறம் மாறல் வேண்டும்.

'நீக்கு' போன்ற செயல் விரலை எடுக்கும்போதே நடைபெறல் வேண்டும். அதற்குமுன் விரல் பொத்தானுக்கு வெளியே நகர்ந்தால் நிறம் பழைய நிலைக்குத் திரும்பும், செயல் நடைபெறாது. தவறுதலாகத் தொட்டவருக்கு இதுவே பாதுகாப்பு.

கவனிக்க: சின்னம் சிறிதாயினும் தொடு பரப்பு பெரிதாக இருத்தல் வேண்டும். அண்ட்ரொயிட் வழிகாட்டல் 48 × 48 அலகுகளையும் அப்பிள் வழிகாட்டல் 44 × 44 அலகுகளையும் பரிந்துரைக்கின்றன. இதனால், பார்வைக்கு விலகியிருக்கும் இரு சின்னங்களின் தொடு பரப்புகளும் மேற்பொருந்தலாம்.

பயிற்சி: 48 அலகு அகலமுள்ள இரு தொடு பரப்புகள் அருகருகே உள்ளன. அவற்றின் மையங்களுக்கு இடையிலான தூரம் 40 அலகு. மேற்பொருந்தும் அகலம் யாது? அவ்விடத்தில் விரல் பட்டால் எதனைத் தெரிவுசெய்தல் வேண்டும்?

விடை: 48 − 40 = 8 அலகு. எதன் மையம் விரலுக்கு அண்மையில் உள்ளதோ அதனைத் தெரிவுசெய்தல் வேண்டும். இடமிருப்பின் மையங்களை 48 அலகு தூரத்தில் அமைப்பதே சிறந்தது.

பரீட்சைக்கு: 75 இற்கு 'ஏ', 35 இற்கு 'எஸ்' எனத் தரமிடும் செய்நிரலுக்கும் இதே விதி பொருந்தும். '35 அல்லது அதற்கு மேல்' என்பதை முதலில் சோதித்தால் 80 புள்ளி பெற்றவருக்கும் 'எஸ்' தரமே கிடைக்கும். எனவே குறுகிய நிபந்தனையை முதலிலும் பரந்த நிபந்தனையை அடுத்தும் எழுதுக.