குடும்பத்தோடு நூல் தேடுவோம்



நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஹிரா குகையில் முதன்முதல் இறங்கியது ஓதும்படி ஏவிய கட்டளையே என்பதை நம் பிள்ளைகளும் அறிவார்கள். ஆயினும் வியாபாரிகளாகிய நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளைக் கைப்பிடித்து நூல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றிருக்கிறோம்? கடையும் கணக்குமாய் நம் பொழுது போகிறது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்திலேயே பேசுகிறார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் தமிழ் இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. இந்தக் குறையைத் தீர்க்க ஓர் எளிய வழி உண்டு. அதுவே குடும்பம் குடும்பமாக நூல் நிலையத்தில் நடத்தும் தேடும் போட்டி.

சிங்கப்பூர் நூல் நிலையம் நமக்கு அந்நிய இடமன்று. 1953 ஆம் ஆண்டில் வள்ளல் லீ கொங் சியான் 375,000 வெள்ளி நன்கொடை தந்தபோது, நூலகம் எல்லோருக்கும் இலவசமாயிருக்க வேண்டும், இந்நாட்டு மக்களின் மொழி நூல்களும் அங்கே இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஸ்டாம்ஃபோர்ட் சாலைக் கட்டடம் 1960 நவம்பர் 12 இல் திறக்கப்பட்டது. 2005 முதல் தேசிய நூலகம் விக்டோரியா வீதியில் இயங்குகிறது. நம் முன்னோரும் அச்சுத் தொழிலுக்குப் புதியவர் அல்லர். முனாஜாத்துத் திரட்டு 1872 இலேயே சிங்கப்பூரில் அச்சேறியது. மகுதூம் சாயபு 1887 இல் சிங்கை நேசன் பத்திரிகையைத் தொடங்கினார்.

இனிப் போட்டி நடத்தும் முறையைக் காண்போம்.

1. அடுக்கின் கணக்கை அறிக. கடையில் அரிசிக்கு ஓரிடம், மசாலைக்கு ஓரிடம், சவர்க்காரத்துக்கு ஓரிடம் வைப்பது போலவே நூல்களையும் எண் போட்டு அடுக்கியிருக்கிறார்கள். அமெரிக்கராகிய மெல்வில் டூயி 1876 இல் வெளியிட்ட முறை இது. 297 இஸ்லாம்; 641.5 சமையல்; 959.57 சிங்கப்பூர் வரலாறு. எண் நூலின் முதுகில் ஒட்டியிருக்கும். கதை நூல்களை ஆசிரியர் பெயரைக் கொண்டு தேட வேண்டும்.

2. முன்கூட்டியே அனுமதி பெறுக. தமிழ் அடுக்கு நன்றாயுள்ள கிளையைத் தேர்ந்து, எத்தனை பேர் வருவர் என்பதை நூலகரிடம் சொல்லிவிட வேண்டும். சுவரில் தாள் ஒட்டுவதும், நூலுக்குள் சீட்டு ஒளித்து வைப்பதும் கூடா.

3. சீட்டை இரண்டாகப் பிரிக்க. இதுவே போட்டியின் உயிர். ஒரே கேள்வியின் பாதியைத் தமிழில் எழுதிப் பெரியவரிடமும், மறுபாதியை ஆங்கிலத்தில் எழுதிப் பிள்ளையிடமும் கொடுக்க வேண்டும். பிள்ளையின் சீட்டில் 641.5 என்ற எண்ணும் அடுக்கு இருக்கும் திசையும் இருக்கும். பாட்டியின் சீட்டில், "நம் வீட்டில் ஆக்கும் ஒரு கறியைத் தமிழ் நூலில் கண்டுபிடித்து, நம் பக்குவத்துக்கும் அதற்கும் உள்ள வேற்றுமையைப் பிள்ளைக்குச் சொல்லவும்" என்றிருக்கும். ஒருவரை விட்டு மற்றவரால் விடை காண முடியாது.

4. பேச்சை வளர்க்கும் கேள்விகளைக் கேட்க. 959.57 அடுக்கில் பழைய வீதிப் படமொன்றைத் தேடச் சொல்லலாம். அந்த வீதியைப் பற்றிப் பாட்டனார் அறிந்ததைச் சொல்ல, பேரன் ஒரு வரி தமிழில் எழுத வேண்டும். 297 இல் ஒரு நூலைக் கண்டு, பெயரையும் ஆசிரியரையும் பிள்ளையே தமிழில் வாசிக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரே நூலைக் கேட்க வேண்டாம். அன்று காலையிலேயே அதை யாரேனும் இரவல் எடுத்துப் போயிருக்கலாம். இன்ன வகை நூல் என்று கேட்டாலே போதும்.

5. ஒழுங்கைக் காக்க. நான்கைந்து பேர் ஒரு குழு. ஆறு கேள்விகள், முக்கால் மணி நேரம். ஒவ்வொரு குழுவும் வெவ்வேறு கேள்வியில் தொடங்கினால் ஓரிடத்தில் நெரிசல் இராது. ஓட்டமும் கூச்சலும் கூடா. எடுத்த நூலின் இடம் தெரியாவிட்டால் கண்டபடி செருகாமல் நூலகர் வைத்திருக்கும் வண்டியில் வைக்க வேண்டும். இடம் மாறிய நூல் தொலைந்த நூலே; கடைக்காரருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

6. பரிசைப் பொதுவாக்குக. முதலில் முடித்தவருக்கு மட்டும் பரிசு என்றால், வேகமாக நடக்க இயலாத பெரியவரைப் பிள்ளைகள் பின்னே விட்டுவிடுவார்கள். ஆகவே விரைவுக்கு மதிப்பெண் வேண்டாம். முடிவில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தமிழ் நூலை இரவல் எடுக்கட்டும். திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் அவர்களை மறுபடியும் அங்கே அழைத்து வரும்.

கடையை விட்டுவர நேரமேது என்பார் சிலர். ஞாயிறு காலை தொடங்கி லுஹருக்கு முன் முடித்துவிடலாம். அந்த இரண்டு மணி நேர வியாபாரத்தை மறுநாள் ஈடு செய்யலாம். பெரியவரோடு மறையும் தமிழை எந்த முதலைப் போட்டு வாங்குவது?

வரும் பள்ளி விடுமுறையில் நம் சங்கத்தார் ஒரு நாளைக் குறிப்பார்களாக! கேள்விச் சீட்டு எழுத வாலிபர்கள் முன்வருவார்களாக! வல்ல அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.