கிண்டிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே

நான் பயிற்சிக்குப் போன அம்பத்தூர் பட்டறையில் நைலான் பீஸ்களில் வெள்ளிக் கோடு விழுந்துகொண்டே இருந்தது. "மோல்டு சரியில்ல தம்பி" என்றார் முதலாளி. மோல்டைத் திருத்தியும் கோடு போகவில்லை. நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். காயவைக்காமல் போட்டால் கோடு விழும், பீஸும் உடையும். ஆனால் ஈரம் அளக்கும் கருவி சின்னப் பட்டறைக்குக் கட்டுப்படியாகுமா? 

இந்த இடைவெளிக்குத்தான் மத்திய அரசு, ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு 1968-இல் கிண்டியில் சிப்பெட்டைத் தொடங்கியது. கட்டணம் கட்டினால் சோதனை செய்வார்கள். மோல்டு டிசைன், பயிற்சி எல்லாம் உண்டு. (நம் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்?) 

ஆய்வுக்கூடம் இருந்தால் மட்டும் போதுமா? மெஷினை விட்டு முதலாளி ஒரு நாள் நகர்ந்தால் ஆர்டர் போச்சு. சாம்பிளை நான்தான் எடுத்துப் போனேன். ரிப்போர்ட்டை நீட்டியதும், "இதுல என்னப்பா போட்டிருக்கு?" என்றார். டிரையரில் 80 டிகிரி, நாலு மணி நேரம் என்று சுவரில் சாக்பீஸால் எழுதினேன்.