கிரகங்கள் வழுவழுப்பாய்த் தோன்றுவதேன்?

சிவகாசியினின்று மேற்கே நோக்குவார்க்கு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அப்பால் மேற்குத்தொடர்ச்சி மலை ஒரு நெடுமதிலெனத் தோன்றும். மழை பெய்து தெளிந்த காலை வேளைகளில் அதன் மடிப்புக்களையும் எண்ணிவிடலாம். மலையென்பது இவ்வளவு பெரிதாயிருக்க, 1972ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் அப்போலோ 17 விண்கலத்தார் எடுத்த பூமியின் படத்தில், ஆப்பிரிக்காவும் அராபியாவும் தென்துருவப் பனியும் விளங்கக் காண்கின்றோமேயன்றி, விளிம்பிலே துருத்திநிற்கும் மேடு ஒன்றையேனும் காணோம். இஃதென்னை?

முதற்கண் அளவை நோக்குவோம். பூமியின் விட்டம் ஏறக்குறைய 12,742 கிலோமீட்டர். அதனை ஒரு மீட்டர் விட்டமுள்ள உருண்டையாகச் செய்வதாகக் கொள்வோம். 8,849 மீட்டர் உயர்ந்த எவரெஸ்டு அதன்மேல் 0.7 மில்லிமீட்டரே நிற்கும். நம் ஊர்த் தீக்குச்சியின் கனத்தில் மூன்றிலொரு பங்கு என்னலாம். மேற்குத்தொடர்ச்சி மலையின் உச்சமாகிய ஆனைமுடி, 2,695 மீட்டர் உயர்ந்ததாயினும், சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டித் தாள் இரண்டை ஒட்டிவைத்த உயரமே பெறும். பூமி தன் சுழற்சியால் நடுவிற் புடைத்திருத்தலின், நடுக்கோட்டு விட்டம் துருவ விட்டத்தினும் 43 கிலோமீட்டர் மிகுதி. அஃது அவ்வுருண்டையில் 3 மில்லிமீட்டருக்கு மேலாகும். அதனையுங்கூட நம் கண் உணர்வதில்லை. எனினும், மெருகிட்ட பந்தினும் பூமி வழுவழுப்பானது என்பாரோடு நாம் உடன்படோம். அவ்வுருண்டையைத் தடவிப் பார்ப்பவன் விரலில் இமயம் உறுத்தவே செய்யும். வழுவழுப்பு கண்ணுக்கே, விரலுக்கன்று.

கண்ணின் வன்மைக்கும் ஓர் எல்லையுண்டு. ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் வரும் கூற்றினும் சிறியதை அது பிரித்தறியமாட்டாது. அப்படம் எடுக்கப்பட்ட தொலைவாகிய ஏறக்குறைய 29,000 கிலோமீட்டரில், அக்கூறு 8 கிலோமீட்டருக்கு மேற்படும். எவரெஸ்டே அங்கு ஒரு புள்ளியளவாய்விடின், ஆனைமுடியை யார் காண்பார்? மேகமும் காற்றின் மங்கலும் எஞ்சியதை மறைக்கும். வியாழன், சனி முதலியவற்றின் செய்தி வேறு. ஆண்டு நாம் காண்பது மேகங்களின் மேற்புறமேயாம்.

இனி, மலைகள் ஏன் இதனினும் உயரவில்லை என்பதே மெய்யான வினா. மலை உயர உயர அதன் பாரமும் மிகும். அடியிலுள்ள பாறை தாங்கும் அளவு கடந்தால் நெகிழ்ந்து பரவும். மலையின் அடித்தளமும் கீழே அமிழும். இவ்வெல்லையை வகுப்பது கிரகத்தின் ஈர்ப்பாற்றல். செவ்வாயின் ஈர்ப்பு பூமியினதில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கே. ஆதலின் அங்குள்ள ஒலிம்பசு எரிமலை சுமார் 22 கிலோமீட்டர் உயர்ந்து நிற்கின்றது. 525 கிலோமீட்டர் விட்டமுள்ள வெசுடா என்னும் குறுங்கோளிலோ, 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மலையொன்று உண்டு. அக்கோளையும் ஒரு மீட்டர் உருண்டையாக்கினால், அம்மலை தீக்குச்சியைச் செங்குத்தாய் நட்டதுபோல் தோன்றும்! செவ்வாயின் துணைக்கோளாகிய போபசு, 27 கிலோமீட்டர் நீளமே உடையதாய், உருளைக்கிழங்கெனக் கோணிக் கிடக்கின்றது. தன்னை உருட்டித் திரட்டிக்கொள்ளும் பாரம் அதற்கில்லை.

நிழலும் இங்கு எண்ணத்தக்கது. பூரணச் சந்திரன் வெள்ளித்தட்டாய் மழுங்கித் தோன்றுதற்குக் காரணம், கதிரவன் ஒளி நேரே வீழ்தலின் அதன் மலைகளின் நிழல் நமக்குத் தெரியாமையே. அப்போலோ 17 படத்திலும் கதிரவன் கலத்தின் பின்புறமே இருந்தது. பாதி மதி நாளில், ஒளியும் இருளும் கூடும் கோட்டைச் சிறு தொலைநோக்கியாற் பார்க்கும் மாணவர், கலிலியோ 1609ஆம் ஆண்டு கண்டவாறே, இருட்பகுதியில் தனித்து மின்னும் மலைச் சிகரங்களைக் காண்பர்.