கூரைக்கு எத்தனை மில்லிமீட்டர்?

தமிழ்ப்பள்ளியில் 'அரிதில் கடத்தி' என்று படித்தேன். இடைநிலைப்பள்ளியில் அது 'பெனெபாட்' ஆயிற்று. பல்கலைக்கழகத்தில் 'இன்சுலேஷன்' என்கிறார்கள். பெயர் மூன்றானாலும் பொருள் ஒன்றுதான். அதை எந்த அளவில் போடுவது என்பதை மட்டும் என் வீடுதான் எனக்குக் கற்றுத் தந்தது.

எங்களுடையது தகரக் கூரை போட்ட பலகை வீடு. நண்பகலானால் பாட்டி பாயைச் சுருட்டிக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விடுவார். ஒரு நாள் போகுமுன்பே புழுக்கத்தில் மயங்கி விழுந்துவிட்டார். கூடுதல் நேர வேலை செய்து சேர்த்த பணத்தில் கூரைக்கு வெப்பக் காப்பு போட அப்பா முடிவு செய்தார். குத்தகையாளர் 50 மில்லிமீட்டர் கண்ணாடி இழைப் பஞ்சு போதும் என்றார். கடைக்காரர் 200 வேண்டும் என்றார். "நீதானப்பா படிக்கிற, நீயே சொல்லு" என்றார் அப்பா.

முதலில், எங்கே போடுவது? அமெரிக்கக் குளிர் பகுதிகளில் தரைக்கு அடியிலுள்ள தாழ்வான இடைவெளியிலும் காப்பு போடுகிறார்கள். அங்கே குளிர் கீழிருந்தும் தாக்குகிறது. நம் நாட்டிலோ வெயில் மேலிருந்து இறங்குகிறது. ஆகவே, தூண்மேல் நிற்கும் வீட்டின் அடிப்புறத்தைக் காற்றாட விட்டுவிட்டு, கூரையைத்தான் கவனிக்க வேண்டும்.

அடுத்து, எவ்வளவு? பஞ்சின் தடிமனை மீட்டரில் எடுத்து, அதன் வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் 'ஆர்' மதிப்பு கிடைக்கும். கண்ணாடி இழைப் பஞ்சின் கடத்துதிறன் ஏறக்குறைய 0.04. எனவே 50 மில்லிமீட்டருக்கு 1.25, 100க்கு 2.5, 200க்கு 5. ஒன்றை 'ஆர்' மதிப்பால் வகுத்தால் 'யூ' மதிப்பு.

தகரம் 55 பாகை செல்சியஸ், வீட்டுக்குள் 30 பாகை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் வழியே இறங்கும் வெப்பம் 50 மில்லிமீட்டரில் 20 வாட். 100இல் 10 வாட். 200இல் 5 வாட். முதல் 50ஐக் கூட்டினால் 10 வாட் குறைகிறது. அதற்குமேல் 100ஐக் கூட்டினாலும் 5 வாட்தான் குறைகிறது. குடியிருப்பல்லாத கட்டடங்களுக்கான எம்.எஸ். 1525 மலேசியத் தரநிலையும், எடை குறைந்த கூரையின் 'யூ' மதிப்பு 0.4ஐத் தாண்டக்கூடாது என்கிறது. 100 மில்லிமீட்டர் அந்த அளவைத் தொட்டுவிடுகிறது.

வாங்கும்போது கவனம் தேவை. அமெரிக்க முத்திரையில் 'ஆர் 13' என்றிருந்தால், நம் அளவில் அது ஏறக்குறைய 2.3தான். ஓர் அளவை மற்றதாக எண்ணிவிட்டால் பணம் வீண். பஞ்சை அமுக்கித் திணித்தாலும், ஒழுகும் கூரைக்கு அடியில் நனைய விட்டாலும் பலன் குறைந்துவிடும்.

"100 போதும்ப்பா" என்றேன். மிச்சப் பணத்தில் முதலில் ஒழுகலை அடைத்தோம், பிறகு பஞ்சு விரித்தோம். காப்பு குளிரை உண்டாக்காது. வெப்பத்தின் வரவைக் குறைக்கும், அவ்வளவே. அதனால் சன்னல்களை இன்றும் திறந்தே வைக்கிறோம்.

நண்பர்களே, நாம் தேர்வுக்காக மனனம் செய்த ஒரு சூத்திரத்துக்காக நம் வீட்டிலும் யாரோ காத்திருக்கலாம். பாட்டியின் பாய் இப்போது மதியத்திலும் வீட்டுக்குள்தான் விரிந்திருக்கிறது.