வெடிக்காத குண்டு பொய்க் குண்டா?

2018 அக்டோபர் 22. நியூயார்க் மாநிலத்தின் கட்டோனாவில், பெரும் பணக்காரர் ஜார்ஜ் சோரஸ் வீட்டுக்குத் தபாலில் வந்த ஓர் உறையை அங்கே வேலை பார்த்தவர் பிரித்தார். உள்ளே இருந்தது வெடிகுண்டு போலத் தெரிந்தது. அதைக் கொண்டுபோய் மரங்களுக்கிடையே வைத்துவிட்டுப் போலீசைக் கூப்பிட்டார். அடுத்தடுத்து ஹிலாரி கிளின்டன், ஒபாமா, ஜோ பைடன், சி.என்.என். என்று மொத்தம் 16 பொதிகள். ஒன்றுகூட வெடிக்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருந்த நேரம். ‘எல்லாம் நாடகம்’ என்ற பேச்சு உடனே கிளம்பிவிட்டது.

நம்பிக்கை: வெடிக்கவில்லை, ஆகவே பொம்மை.
உண்மை: பொய்க் குண்டில் வெடிக்கக்கூடிய பொருளே இருக்காது, தோற்றம்தான் இருக்கும். இந்தப் பொதிகளில் இருந்த குழாய்களுக்குள் வெடிபொருளும் கண்ணாடிச் சில்லுகளும் இருந்தன. ‘இவை போலி அல்ல’ என்று எஃப்.பி.ஐ.யின் அப்போதைய இயக்குநர் கிறிஸ்டோபர் ரே பகிரங்கமாகவே அறிவித்தார்.

நம்பிக்கை: நிஜக் குண்டென்றால் அதில் பொருத்தியிருந்த கடிகாரம் சொன்ன நேரத்தில் வெடித்திருக்கும்.
உண்மை: சந்தேகப்பட்டவர்கள் பக்கம் இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. செய்த விதத்தில் அவை வேலை செய்திருக்காது என்றுதான் எஃப்.பி.ஐ. ஆய்வகமும் சொன்னது. கடிகாரங்களில் அலாரம்கூட வைக்கப்படவில்லை. ஆனால் சூடு, அதிர்ச்சி, உராய்வு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று போதும், தானாக வெடித்திருக்கலாம் என்பதும் அதே ஆய்வகம் சொன்னதுதான். குண்டு நிஜம்; வேலைதான் அரைகுறை.

நம்பிக்கை: தபால்தலைகளில் முத்திரை இல்லை, எனவே தபாலில் வரவே இல்லை.
உண்மை: தடித்த உறைகள் முத்திரை குத்தும் இயந்திரத்துக்குள் நுழையாது, கையால் குத்தும்போது விட்டுப்போவதுண்டு. முன்னாள் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டருக்குப் போன உறையைப் பாருங்கள். முகவரி சரியில்லாததால், அனுப்புநர் என்று பொய்யாகப் போட்டிருந்த ஜனநாயகக் கட்சி எம்.பி. டெபி வாசர்மன் ஷுல்ட்ஸின் ஃப்ளோரிடா அலுவலகத்துக்கே அது திரும்பி வந்தது. அவர் பெயரிலேயே எழுத்துப் பிழை! தபாலில் போகாத உறை எப்படித் திரும்பி வரும்?

நம்பிக்கை: அப்போதைய எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியே தனக்குத்தானே அனுப்பிக்கொண்டது.
உண்மை: அக்கட்சி எம்.பி. மாக்சின் வாட்டர்ஸுக்குப் போன உறையில் சிக்கிய கைரேகை சீசர் சயோக்கைக் காட்டிக்கொடுத்தது. ட்ரம்பைப் போற்றும் ஸ்டிக்கர்கள் ஒட்டிய வேனில் வாழ்ந்துவந்தவர் அவர். அக்டோபர் 26 அன்று ஃப்ளோரிடாவில் பிடிபட்டார். 2019 மார்ச்சில் 65 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார்.

நம்பிக்கை: மிரட்டத்தானே அனுப்பினார், இதற்கு என்ன பெரிய தண்டனை?
உண்மை: கொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை என்றே நீதிபதி ஜெட் ரேகாஃப் முடிவு செய்தார். அரசுத் தரப்பு கேட்ட ஆயுள் தண்டனையை அதனால்தான் தரவில்லை. ஆனாலும் 20 ஆண்டு சிறை. வெடிக்கும் அபாயம் இருப்பது தெரியும் என்று சயோக்கே நீதிமன்றத்தில் சொல்லியிருந்தார்.

அந்த அபாயம் முதலில் யார் தலையில் விடிந்திருக்கும்? உறைமீது பெயர் இருந்த தலைவர்களுக்கு முன்னால் தபால் பிரிப்பவர், சுமப்பவர், வீட்டு வேலைக்காரர் என்று எத்தனையோ கைகள் இருந்தன. கட்டோனாவில் அந்த உறையைத் தூக்கிக்கொண்டு மரங்களை நோக்கி நடந்தவருக்கு, அது வேலை செய்யாது என்று ஆய்வகம் அப்போது சொல்லியிருக்கவில்லை.