ஒரே பக்கம், பல திரைகள்: இணையப் பக்க வடிவமைப்பில் இருநெறிகள்

தோற்றுவாய்

அச்சிட்ட நூலின் தாளளவு மாறுவதில்லை. எழுத்தின் பருமன், வரியின் நீளம், ஓரத்தில் விடும் இடம் ஆகிய அனைத்தையும் அச்சகத்தார் முன்னரே அறுதியிட்டு விடுகின்றனர். இணையப் பக்கத்திற்கோ அத்தகைய தாள் இல்லை. படிப்பவர் கையிலுள்ள திரையே அதன் தாள். உதவித்தொகை விண்ணப்பத்தைக் கைப்பேசியில் நிரப்பும் ஒரு மாணவிக்கு, நிரப்பவேண்டிய கட்டம் திரைக்கு வெளியே மறைந்து நின்றால், அவர் இழப்பது பக்கத்தின் அழகையன்று, தம் வாய்ப்பையே. ஆகவே திரைக்கேற்பப் பக்கத்தை அமைக்கும் முறைகளை அறிவது கணிப்பொறி பயில்வார்க்கு மட்டுமன்றித் தமிழில் எழுதுவார்க்கும் தேவையாகிறது.

வரலாறு

2007ஆம் ஆண்டில் ஐஃபோன் வெளிவந்த பின்னர்க் கைப்பேசியில் இணையப் பக்கங்களைப் படிக்கும் வழக்கம் பெருகியது. நிறுவனங்கள் பல, கணிப்பொறிக்கு ஒன்றும் கைப்பேசிக்கு ஒன்றுமாக இருவேறு தளங்களை நடத்தின. ஒன்றில் செய்த திருத்தம் மற்றொன்றில் விடுபடும் இடர் இதனால் நேர்ந்தது. 2010 மே திங்களில் ஈத்தன் மார்க்காட் என்பார் ஒரு கட்டுரையில் இதற்கு மாற்றுவழி கூறி, அதற்கு 'ரெஸ்பான்சிவ்' வடிவமைப்பு எனப் பெயரிட்டார். 2011இல் 'பாஸ்டன் குளோப்' நாளிதழ் தன் தளத்தை இந்நெறியில் அமைத்தது. அதே ஆண்டில் ஆரன் கஸ்டாஃப்சன் 'அடாப்டிவ்' வடிவமைப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். அடிப்படைச் செய்தியை எல்லாக் கருவிகளுக்கும் தந்து, திறன்மிக்க கருவிகளுக்கு மேலும் வசதி சேர்ப்பதே அந்நூலின் கருத்து. ஆயினும் இன்று அச்சொல் பெரும்பாலும், அளவுக்கொன்றாகப் பல நிலையான அமைப்புகளை உருவாக்கும் முறையையே குறிக்கிறது. முன்னதை நெகிழ்நெறி என்றும், பின்னதைத் தகவமைநெறி என்றும் இக்கட்டுரை வழங்கும்.

வேறுபாடு

ஆயத்த ஆடைக் கடையில் 38, 40, 42 என அளவிட்டுத் தைத்த சட்டைகள் உள்ளன. வேட்டிக்கோ கைலிக்கோ அத்தகைய அளவுகள் இல்லை. உடுத்துவோர் உடலுக்கேற்ப அவை அமைந்து கொள்கின்றன. தகவமைநெறி சட்டை போன்றது. 320, 480, 760, 960 பிக்ஸல் என்றாற்போலச் சில அகலங்களுக்குத் தனித்தனி அமைப்புகள் செய்து வைக்கப்படும். திரைக்குப் பொருந்துவது தெரிந்தெடுக்கப்படும். நெகிழ்நெறி வேட்டி போன்றது. ஒரே பக்கம் எல்லா அகலத்திற்கும் விரிந்து சுருங்கும். நெகிழும் பத்திகள், நெகிழும் படங்கள், திரையின் அகலத்தை வினவி அமைப்பை மாற்றும் விதிகள் ஆகிய மூன்றும் இதன் உறுப்புகள்.

ஒரு கணக்கு

960 பிக்ஸல் அகலமுள்ள பக்கத்தில் 240 பிக்ஸல் அகலத்தில் ஒரு பத்தி இருப்பதாகக் கொள்வோம். 240ஐ 960ஆல் வகுத்தால் 0.25, அதாவது 25 விழுக்காடு. பத்தியின் அகலத்தைப் பிக்ஸலில் கூறாது விழுக்காட்டில் கூறுவதே நெகிழ்வின் முதற்படி. இனி, இதே பக்கம் 360 பிக்ஸல் திரைக்கு வருமாயின் அப்பத்தி 90 பிக்ஸலாகச் சுருங்கும். 'பல்கலைக்கழகங்களிலிருந்து' என்னும் ஒரு சொல்லில் 15 எழுத்துகள் உள்ளன. எழுத்தொன்றுக்கு 12 பிக்ஸல் என்று குறைத்துக் கொண்டாலும் 180 பிக்ஸல் வேண்டும். 90இல் 180 எங்ஙனம் அடங்கும்? சொல் பத்தியைக் கடந்து வெளியே நீளும். அல்லது பொருந்தாத இடத்தில் முறியும். எனவே விழுக்காடு மட்டும் போதாது. குறிப்பிட்ட அகலத்திற்குக் கீழே பத்திகள் பக்கவாட்டில் நில்லாது ஒன்றன்கீழ் ஒன்றாக அமைக என்று விதி எழுதவேண்டும்.

அவ்வகலத்தை எங்ஙனம் உறுதி செய்வது என்பதே இப்பாடத்தின் உயிர்நிலை. சந்தையில் விற்கும் கைப்பேசிகளின் அளவைக் கொண்டு வரையறுத்தால், புதிய கருவி வந்ததும் வரையறை பழுதாகும். பக்கத்தை மெல்லச் சுருக்கிக்கொண்டே வந்து, எவ்விடத்தில் சொற்கள் நெருக்குண்கின்றனவோ அவ்விடத்தில் விதியை இடுதலே முறை. வேற்றுமை உருபுகளையும் சொல்லுருபுகளையும் ஏற்றுச் சொற்கள் நீளும் தமிழில் இது இன்றியமையாதது. ஆங்கிலப் பக்கத்திற்கென வகுத்த அளவைத் தமிழ்ப் பக்கத்திற்கு அவ்வாறே இடுதல் பிழையாகும்.

குறைநிறைகள்

நெகிழ்நெறியிலும் குறையுண்டு. கணிப்பொறிக்கான பெரிய படம் சிறு கைப்பேசிக்கும் அனுப்பப்பட்டால் நேரமும் தரவும் வீணாகும். ஒரே படத்தைப் பல அளவுகளில் வைத்து, உரியதை உலாவியே தேரச் செய்வது இதற்குத் தீர்வு. தகவமைநெறியில், கருவியை முன்னரே அறிந்து அதற்கு வேண்டியதை மட்டும் அனுப்ப இயலும். பழைய தளத்தை முழுதும் கலைக்காமல் கைப்பேசிக்கு மட்டும் புதிய அமைப்பைச் சேர்க்கவும் இயலும். ஆனால் அமைப்புகள் பெருகப் பராமரிப்பும் பெருகும். இரண்டு அளவுகளுக்கு இடைப்பட்ட திரை எதற்கும் சரியாகப் பொருந்தாது நிற்கும்.

நிறைவுரை

படிப்பதற்குரிய கட்டுரை, செய்தி, அறிவிப்பு, விண்ணப்பம் ஆகியவற்றிற்கு நெகிழ்நெறியே ஏற்றது. கருவிக்குக் கருவி பயன்பாடே வேறுபடுமிடத்துத் தகவமைநெறியைக் கொள்ளலாம். எதனைக் கொண்டாலும், அமைத்தவர் அதனை ஒரு சிறு கைப்பேசியில், தமிழில், இறுதிக் கட்டம் வரை தாமே நிரப்பிப் பார்த்தல் வேண்டும். விலையுயர்ந்த திரையில் அழகாகத் தோன்றுவது தேர்வன்று. அம்மாணவியின் விண்ணப்பம் தடையின்றிச் சென்று சேர்வதே தேர்வாகும்.